கஞ்சா மெஷினும் என் தோழியின் விசாவும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என் தோழி அப்படியில்லை, கல்லுளிமங்கி. ஒரகடத்தில், பாக்கெட் போடும் மெஷின்கள் செய்யும் கம்பெனியில் நாங்கள் ஒரே லைன். நான் சேரப்பணஞ்சேரி, அவள் தூத்துக்குடிக்காரி. கல்யாணமான மூன்றாம் மாதமே அவள் கணவர் அமெரிக்காவுக்குத் திரும்பிவிட்டார். அவரோடு போய்ச் சேர விசாவுக்கு எழுதிப்போட்டு இரண்டு வருடமாகக் காத்திருந்தாள்.

அப்போது அமெரிக்காவுக்கு ஒரு மெஷின் ஆர்டர் வந்தது. தாளில் ‘உலர்ந்த இலை’ என்றுதான் இருந்தது. தேயிலை என்று நினைத்து ஒரு வாரம் வேலை பார்த்தோம். பாக்கெட்டில் ஒட்ட வேண்டிய லேபிள் வந்த பிறகுதான் அது கஞ்சா என்று தெரிந்தது. போலீஸ் வரப்போகிறது என்று லைனே கேலி பேசிச் சிரித்தது.

அவள் சிரிக்கவில்லை. அன்று இரவு ஷிப்ட். சாப்பாட்டு நேரத்தில் கணவருக்குப் போன் போட்டாள். அவர் வக்கீலிடம் கேட்டுச் சொன்னார். மெஷின் போகும் மாநிலத்தில் கஞ்சாவைக் கடை வைத்தே விற்கலாமாம், ஆனால் அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி அது இன்னும் குற்றமாம். தெரிந்தே அந்தத் தொழிலுக்கு உதவிய வெளிநாட்டவருக்கு விசா கிடைக்காமலே போகலாமாம்.

ஷிப்ட் முடிந்ததும் நோட்டில் எழுதிக் கையெழுத்திடுவது எங்கள் வழக்கம். ‘எல்லாம் ஓகே’ தவிர யாரும் எதுவும் எழுதியதில்லை. அவள் எழுதினாள்: ‘இது கஞ்சாவுக்கான மெஷின் என்று இன்றுதான் தெரிந்தது. இனி இதில் வேலை செய்யமாட்டேன்.’

சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொண்டார். “அங்க அத்த கடைல வெச்சு விக்கிறாங்கம்மா. உனக்கு இன்னா பயம்?”

அவளை வேறு லைனுக்கு மாற்றினார்கள். அவளுக்கு வரவேண்டிய லீடர் பதவி எனக்கு வந்தது. வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

விசா நேர்காணலுக்கு முந்தின நாள், மெஷினைப் பற்றி மூச்சு விடாதே என்று அவளைத் திட்டினேன்.

“பொய்யச் சொல்லிட்டுப் போனா, அங்க காலம் முழுக்கப் பயந்துக்கிட்டுல்லா கெடக்கணும்,” என்றாள். “நான் அவரு கூட நிம்மதியா வாழத்தான போறேன்?”

வேலையைப் பற்றிக் கேட்டார்களாம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இன்னும் விசாரிக்க வேண்டும் என்று ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஏழு மாதம். ஒரு நாள்கூட அவள் புலம்பவில்லை, நான்தான் புலம்பினேன். எட்டாம் மாதம் விசா வந்தது. அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன்.

அவள் விமானம் ஏறிய மறுவாரம், அதே மெஷினைப் பொருத்த அமெரிக்கா போகச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். தெரிந்தே அதில் ஐந்து மாதம் கையெழுத்துப் போட்டவள் நான், எனக்கு எப்படி விசா கிடைக்கும்? போக முடியாது என்றேன். காரணம் கேட்டார்கள். வயிற்றுவலி என்று சொல்ல வாயெடுத்தேன். உண்மையைச் சொன்னேன்.