ஆறு மணிக்கு நிற்காத ஐஸ் மெஷின்

எங்கள் துறைமுகச் சந்தையில் ஐஸ் உடைப்பவள் பிசிங். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் விசித்தாசியோன். அந்தப் பெயரால் அவளைக் கூப்பிட இப்போது யாரும் உயிரோடு இல்லை. அவள் மகளுக்கு நான் ஞானத்தாய். அதனால் எனக்கு அவள் ‘மாரே’, அவளுக்கு நான் ‘மாரே’. என் எலுமிச்சைக் கூடை அவள் மெஷினை ஒட்டியே இருக்கிறது. ஆகவே நான் சொல்வதுதான் சரி. வேறு மாதிரி சொல்கிறவர்கள் மீன் வாங்கிக்கொண்டு போகிறவர்கள்.

மாலை ஆறுக்குக் கோயில் மணி அடித்தால் சந்தை அப்படியே நிற்கும். ஓங்கிய கத்தி ஓங்கினபடி நிற்கும். புருஷனைத் திட்டிக்கொண்டிருந்தவள் பாதி வசவை வாயில் அடக்கிக்கொண்டு சிலுவை போடுவாள். மணி ஓய்ந்ததும் மீதியைத் திட்டுவாள். அந்த நேரத்தில் ஆண்டவர் சந்தை வழியாக நடந்து போகிறார் என்று சொல்லி, தொடையில் கிள்ளி எங்களை நிற்கவைத்தார்கள் எங்கள் அம்மாக்கள்.

பிசிங்கின் மெஷின் மட்டும் நிற்காது. படகுகள் கரைக்கு வரும் நேரம் அது.

“நில்லு மாரே, மணி அடிக்குது!” என்று கத்துவேன்.

“ஆண்டவர் கெட்டுப்போக மாட்டாரு மாரே, மீன் கெட்டுப்போயிடும். நாளைக்கு நிக்கிறேன்.”

அந்த நாளை வரவே இல்லை. ஐஸ் பாளங்களை மென்று துப்பிய அந்த இரும்பு வாய் தன் இரைச்சலால் அவள் காதையும் மென்றுவிட்டது. மிச்சமிருப்பதும் சீக்கிரம் போய்விடும் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் அவளுக்குப் பதறியது.

“ஒரே ஒரு தடவை அந்த மணியக் கேட்டுடணும் மாரே. இத்தன வருஷமாக் கூப்பிட்டாரு. நான் திரும்பிக்கூடப் பாக்கல. ஒரு தடவை ‘இதோ இருக்கேன்’னு சொல்லிட்டாப் போதும்.”

அன்றிலிருந்து ஜனங்கள் அசையாமல் நிற்பதைப் பார்த்தால் அவளும் மெஷினை அணைப்பாள். படகுக்காரர்கள் முணுமுணுத்தார்கள், அதுவும் அவளுக்குக் கேட்கவில்லை. தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நிற்பாள். “மெஷின் நின்னுடுச்சு மாரே, காதுக்குள்ள ஓடுறதுதான் நிக்கல” என்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை. மழை மேகத்தால் சீக்கிரமே இருட்டிவிட்டது. சந்தையே விறைத்து நின்றது. பிசிங் மெஷினை அணைத்தாள், சிலுவை போட்டாள், தலை குனிந்து முணுமுணுக்கத் தொடங்கினாள். அந்தத் தடவை அவள் முகத்தில் ஏதோ வெளிச்சம் இருந்தது. எல்லாரும் நகர்ந்து வியாபாரத்துக்குத் திரும்பிய பின்னும் அவள் நின்றாள்.

அது மணி இல்லை. பக்கத்து நகராட்சி அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குக் கொடி இறக்கும்போது ஒலிபெருக்கியில் போடுகிற தேசிய கீதம். அதற்கும் சந்தை அசையாமல்தான் நிற்கும்.

மீன்காரன் டெல்ஃபின் அவள் காதோரம் வந்து கத்தினான்: “கொடிக்கெல்லாம் சிலுவையா அக்கா? அடுத்து மேயர் படத்துக்கு மெழுகுவத்தியா?”

சந்தை சிரித்தது. “உன் மீன் நாத்தத்துக்கு நீயே ஏத்திக்கடா” என்று நான் அவனை விரட்டினேன். பிசிங் என் முகத்தைப் பார்த்தாள்.

“ஏதோ கேட்ட மாதிரி இருந்துச்சே மாரே?”

மறுநாள் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மணிக்கூண்டுக்கு அடியிலேயே நிறுத்தினேன். மணி அடித்தது. மாடத்துப் புறாக்கள் சிதறின. என் பல்லே ஆடியது. பிசிங் செருப்பைக் கழற்றி, வெறுங்காலைத் தரையில் ஊன்றினாள்.

“கேட்டுச்சா?”

“தரை அதிருது.”

“அதான், அதான் மாரே!”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். “என் மெஷினும் இப்படித்தான் அதிரும்.”

திரும்பி வரும்போது சந்தை வாசலில் சொன்னாள்: “அவரு நடந்து போன அத்தன சாயங்காலமும் நான் ஐஸ் ஒடச்சேன். இப்ப நான் நிக்கிறேன், தெருவுல ஆளில்ல.”

இப்போது ஆறு மணிக்கு மெஷின் மறுபடி ஓடுகிறது. மணி அடிக்கும்போது நான் எழுந்துபோய் அவள் தோளைத் தொடுகிறேன். அவள் திரும்புவதில்லை, அடுத்த பாளத்தைத் தூக்கி மெஷின் வாய்க்குள் தள்ளுகிறாள். “விட்டுடேன்” என்கிறார்கள். நான் விடுவதாக இல்லை. அந்தத் தோள் ஐஸைப் போலச் சில்லிட்டிருக்கிறது. மணி ஓயும் வரை கையை எடுப்பதில்லை.