பஸ்ஸுக்குக் காசில்லை

என் மனைவிக்கு டவுன் பஸ் இலவசமான நாளிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல்தான். வேறு நல்ல பெயர் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. மில் வாசல் டீக்கடையில் நின்று கொள்கை பேசினேன். ஓசியில் கொடுத்துக் கொடுத்தே நாடு கெட்டது என்றேன். பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தவளுக்குச் சும்மா, எனக்குக் காசு, ஆண்பிள்ளை என்றால் இளிச்சவாயனா என்று கேட்டேன். நின்றவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். டீக்காரர் மட்டும், "ஒங்க வீட்லயும் அவுக சும்மாதேன போறாக, ஒங்களுக்கு மிச்சம்தேனண்ணே" என்றார்.

மிச்சம்தான். அந்த மிச்சம்தான் என்னைக் குடைந்தது.

திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு நூல் மில்லில் நான் ஸ்டோர் கீப்பர். மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். என் மனைவிக்கு ஒரே அக்கா. ரெட்டியார்சத்திரத்தில் இறங்கி உள்ளே நடந்தால் வருகிற ஊர். வீட்டை ஒட்டிக் கொஞ்சம் சம்பங்கி போட்டிருக்கிறார்கள். அக்காவின் வீட்டுக்காரர் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டதால் என் மனைவியைத் தலைசீவி, பள்ளிக்கூடம் அனுப்பி, வளர்த்து ஆளாக்கியவள் அந்த அக்காதான்.

அவள் மேல்தான் எனக்குப் பொறாமை. கல்யாணமான முதல் மாதத்திலேயே அது தொடங்கிவிட்டது. ரசம் நன்றாக இருக்கிறது என்று சொன்னால், அக்கா வைப்பது மாதிரி வரவில்லை என்பாள். காய்ச்சல் வந்து படுத்தால் தூக்கத்தில் அக்கா என்றுதான் முனகுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருப்பேன், கூப்பிடுவது அவளை. முதல் வருடப் பொங்கலுக்கு அங்கே போனபோது, இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டு எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் உள்ளே போனதும் சிரிப்பு நின்றது. கேட்டதற்கு "ஒண்ணுமில்லங்க" என்றாள். அந்த ஒண்ணுமில்லையை நான் முப்பது வருடமாக மறக்கவில்லை.

போகக் கூடாது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அப்படிச் சொல்கிற கணவன் கெட்டவன், அது எனக்குத் தெரியும். நான் சொன்னதெல்லாம் பஸ்ஸுக்குக் காசில்லை என்பது ஒன்றுதான். "ரெண்டு பேரு போக வர இம்புட்டு ஆகும், வெறுங்கையோடயா போறது, பழம் கிழம் வாங்கணும், அடுத்த மாசம் பாப்போம்." இதற்கு யாரும் பதில் பேச முடியாது. இல்லை என்பவனிடம் எதைப் பிடுங்குவது? அவள் தலையாட்டிவிட்டு அரிசி களையப் போய்விடுவாள். அடுத்த மாதமும் அதையே சொல்வேன். சம்பளம் வாங்கிய சனிக்கிழமை மில் ஆட்களோடு உட்கார்ந்து சீரகச் சம்பாப் பிரியாணி சாப்பிடக் காசு இருந்தது. அதற்கு ஆகிற காசில் அவள் அக்கா வீட்டுக்கு எத்தனை முறை போய் வந்திருக்கலாம் என்று அப்போதும் எனக்குத் தெரியும்.

ஒரு வருடம் அக்கா கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகி வீட்டில் படுத்திருந்தாள். ஒருநாள் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு அன்றைக்கே திருப்பிக் கூட்டிவந்தேன். பத்து நாள் கழித்து இன்னொரு தடவை போகணும் என்றாள். மாசக் கடைசி என்றேன். அவள் அழவில்லை, கெஞ்சவில்லை. அன்று முழுக்க வீட்டைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

பிறகுதான் அரசாங்கம் உள்ளே நுழைந்தது. விலைவாசி ஏறிவிட்டது, குடும்பங்களின் பாரத்தைக் குறைக்கிறோம் என்று வரிசையாக அறிவித்தார்கள். பெண்களுக்கு மாதம் ஆயிரம் என்றார்கள், எங்கள் வீட்டுக்கும் வந்தது. அதில் எனக்குச் சங்கடமில்லை, ஏடிஎம் கார்டு என் சட்டைப் பையில் இருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே, எங்கள் வீட்டில் நான்தான் பூசாரி. ஆனால் பஸ்ஸை என்ன செய்ய முடியும்? அதைச் சட்டைப் பையில் வைக்க முடியவில்லை. அது தெருமுனைக்கே வந்து நின்று அவளை ஏற்றிக்கொண்டு போனது.

முதல் தடவை சொல்லிவிட்டுத்தான் போனாள். "வியாழக்கெழம அக்காவப் பாத்துட்டு வாரேன். டிக்கெட்தேன் கெடையாதே" என்றாள். நான் வாயைத் திறந்தேன். அத்தனை வருடம் வைத்திருந்த ஒரே வார்த்தை அன்று காலை செல்லாமல் போய்விட்டது.

அதன் பிறகு ஒவ்வொரு வியாழனும் போனாள். மாலையில் வரும்போது பையில் கத்தரிக்காய், முருங்கைக்கீரை, தலையில் இரண்டு முழம் பூ. பிங்க் பெயின்ட் அடித்த அந்தப் பஸ்ஸில் அவளுக்கு ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. பூக்கூடைக்காரி ஒருத்தி, நர்சிங் படிக்கிற பெண் ஒருத்தி, கொய்யா விற்கிறவள் ஒருத்தி. யாருக்கு என்ன வியாதி, யார் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள் என்றெல்லாம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொல்வாள். கண்டக்டர் இவளுக்காகச் செத்த நேரம் நிறுத்தி வைத்திருந்தாராம். எனக்காக எந்தப் பஸ் நின்றிருக்கிறது? கீரை நன்றாக இருக்கிறதா என்று கேட்டால், மண்ணாக இருக்கிறது என்பேன். அவள் முகம் வாடவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து என்னைத்தான் பேசுவார்கள் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. வேறு எதைப் பேசுவார்கள்? மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். முப்பது வருடத்தையும் எடுத்து அக்கா முன்னால் கொட்டியிருப்பாள், அக்கா என்னைத் திட்டித் தீர்த்திருப்பாள், அதனால்தான் இவள் இவ்வளவு தெளிவாகத் திரும்பி வருகிறாள் என்று கணக்குப் போட்டேன். அதைக் காதால் கேட்டுவிட வேண்டும் என்று ஒரு வியாழக்கிழமை லீவு போட்டேன்.

அவளிடம் சொல்லவில்லை. வேலைக்குப் போகிறவன் போலச் சட்டை மாட்டிக் கிளம்பி, முந்தைய நிறுத்தத்துக்கு நடந்துபோய் ஏறிக்கொண்டேன். பஞ்சு பறப்பதற்காக மில்லில் கொடுக்கிற மாஸ்க்கை முகத்தில் போட்டுக்கொண்டு கடைசிச் சீட்டில் பதுங்கினேன். கட்டிய பெண்டாட்டியை ஐம்பத்தாறு வயதில் ஒளிந்து பார்க்கிறவன் ஊரில் நான் ஒருவன்தான் இருப்பேன். கண்டக்டர் வந்து "எங்க?" என்றார். "ரெட்டியார்சத்திரம் ஒண்ணு" என்று காசை நீட்டினேன். பஸ்ஸில் பாதிக்கு மேல் பெண்கள், எல்லோரும் சும்மா. காசு கொடுத்து வேவு பார்த்தவன் நான்.

அடுத்த நிறுத்தத்தில் அவள் ஏறினாள். ஏறும்போதே முன்னால் இருந்து இரண்டு பேர் கூப்பிட்டு இடம் கொடுத்தார்கள். அவள் கையை ஆட்டி ஏதோ கதை சொன்னாள். பூக்கூடைக்காரி அவள் தோளில் அடித்து அடித்துச் சிரித்தாள். இவளும் தலையைப் பின்னால் சாய்த்து, வாயை மூடாமல், பல் தெரியச் சிரித்தாள். என் வீட்டில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. எனக்கு அழுகைதான் வந்தது, பொறாமையில் அழுகை வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இறங்கியதும் தள்ளித் தள்ளிப் பின்னால் நடந்தேன். சம்பங்கித் தோட்டத்து வேலிப் பக்கம் போய் ஒதுங்கி நிற்கலாம் என்பது திட்டம். நாய் விடவில்லை. அது குரைத்த குரைப்பில் அக்கா வெளியே வந்து பார்த்தாள். "ஏ, இங்க பாரு, தம்பி வந்திருக்காக" என்றாள். அவள் குரலில் இருந்தது சந்தோஷம். நான் எதிர்பார்த்தது அதை அல்ல.

என் மனைவி திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. "மொதல்ல அந்த மாஸ்க்க எடுங்க, மூச்சு முட்டப் போகுது" என்றாள்.

அக்கா என்னைக் கட்டிலில் உட்காரவைத்து ஃபேனைப் போட்டாள். "செத்த நேரத்துல சோறாயிரும். நீங்க வாரீகன்னு தெரியாது, தொட்டுக்க வெஞ்சனம் ஒண்ணும் பெருசா இல்ல" என்று ஓடினாள். அடுப்படியில் அவர்கள் பேசுவது நன்றாகக் கேட்டது. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தக்காளி விலை பேசினார்கள், என் மகள் பிரசவத்துக்கு எப்போது வருகிறாள் என்று பேசினார்கள். என்னைப் பற்றி அக்கா கேட்டது ஒன்றுதான்: தம்பிக்குக் காரம் ஆகுமா?

சாப்பிடும்போது என் இலையில் வெள்ளை வெளேரென்று கடை அரிசிச் சோறு. இரண்டு பேரும் தங்களுக்கு வேறு பானையிலிருந்து ரேஷன் அரிசிச் சோற்றைப் போட்டுக்கொண்டார்கள். முட்டை பொரித்தது என் இலையில் மட்டும்தான் இருந்தது. நான் கவனிக்காதவன் போலச் சாப்பிட்டேன்.

கை கழுவிவிட்டு வந்ததும் அக்கா உள்ளே போய் ஒரு மருந்துக்கடைக் கவரை எடுத்துவந்து என் முன்னால் நீட்டினாள். மடித்த நோட்டுகள்.

"கோவிச்சுக்காம வாங்கிக்கணும் தம்பி. பஸ்ஸ பொம்பளைகளுக்குத்தேன் சும்மா விட்டாக. ஆம்பளைக்கு டிக்கெட் எடுக்கணும்ல. மாசம் எனக்குப் போடுற ஆயிரத்துல ஒங்களுக்குன்னு கொஞ்சம் எடுத்து வச்சேன். இவகிட்டக் குடுத்துவிட்டா வாங்க மாட்டேங்குறா."

எதற்கு மதினி என்றேன்.

"இவ சொல்லிருக்கா. ஒங்களுக்கு வரணும்னு அம்புட்டு ஆசையாம், காசுதேன் இடிக்குதாம். நான் ஆபரேசன் பண்ணிப் படுத்திருந்தப்பக்கூட ரெண்டு எடத்துல கைமாத்துக் கேட்டுப் பாத்தீகளாம்ல, கெடைக்கலன்னு சாப்புடாமப் படுத்துட்டீகளாம். அதக் கேட்டு எனக்கு மனசே ஆறல. பாவம், என்னால ஒங்களுக்கு அம்புட்டு மனக்கஷ்டம். அதேன் நானும் வந்து ஒங்களச் செலவுல இழுத்துவிடக் கூடாதுன்னு வராமயே இருந்தேன்."

அதற்கு அடுத்து வந்த சம்பளச் சனிக்கிழமை நான் எங்கே உட்கார்ந்து என்ன சாப்பிட்டேன் என்று எனக்கு நினைவிருந்தது. என் மனைவியைப் பார்த்தேன். அவள் தரையில் உட்கார்ந்து நாளைக்கான கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. வேண்டாம் என்று சொன்னால், ஏன் வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

"அப்பாடா" என்றாள் அக்கா. "இனி மாசம் ஒருக்கா ரெண்டு பேருமா வாங்க."

பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது நான் என் மனைவியின் பையை வாங்கிச் சுமந்தேன். முப்பது வருடத்தில் அது முதல் தடவை. என் நெஞ்சு நிறைந்திருந்தது. இத்தனை வருடம் என்னை விட்டுக்கொடுக்காமல் இருந்திருக்கிறாளே, அங்கே என் மானத்தை எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். அக்காவை விட என்னைத்தான் பெரிதாக நினைத்திருக்கிறாள் என்றுகூட நினைத்தேன். பொறாமை கழன்று கீழே விழுந்த மாதிரி இருந்தது. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு கேட்டேன்.

"எனக்காகவா அம்புட்டுப் பொய் சொன்ன?"

அவள் நின்றாள். கோபமாகப் பார்க்கவில்லை, ரொம்பச் சாதாரணமாகத்தான் பார்த்தாள்.

"ஒங்களுக்காக எதுக்குச் சொல்லப் போறேன்? ஊரெல்லாம் அலைஞ்சு ஒங்களப் பாத்து எனக்குக் கட்டி வச்சது எங்கக்கா. அவளுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டா."

தூரத்தில் பஸ் வந்தது. அவள் என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு முன்வாசலில் ஏறினாள். நான் பின்னால் ஏறினேன்.