மேசைக்குள் கிடந்த பதக்கம்

மர மேசையின் இழுப்பறைக்குப் பின்னாலிருந்து என் மனைவிதான் அந்தப் பித்தளைப் பதக்கத்தை எடுத்தாள். கறுத்துப்போயிருந்தது. நடுவில் ஒரு கண். அதன் கீழே கத்தி மாதிரி ஏதோ, குறுக்கே போட்ட இரண்டு சாவிகள். மேசை, ரெட்டியார்சத்திரத்தில் இருக்கும் என் சித்தப்பா கொடுத்தது. மகளுக்கு வந்த சம்பந்தங்கள் தட்டிக்கொண்டே போன நேரம். எங்களுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

குறி சொல்கிறவனிடம் போனோம். அவன் அதைத் தொடவே இல்லை. "பங்காளி வச்ச செய்வினை. வாசலப் பூட்டிச் சாவிய எடுத்துட்டுப் போயிட்டான். ரெண்டா வெட்டி ஆத்துல விடுங்க" என்றான். திண்டுக்கல்காரனிடம் பூட்டு, சாவி என்றால் போதும், நம்பிவிடுவான். நானும் நம்பினேன்.

சித்தப்பாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். "ஏலே, எனக்கு மந்திரம் தெரிஞ்சா மொதல்ல உன் வாயத்தான் கட்டியிருப்பேன்!" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அந்தக் கிண்டலே எனக்கு ஒப்புதலாகக் கேட்டது.

என் கிரில் பட்டறையில் பதக்கத்தை வெட்ட உட்கார்ந்தேன். கோடு போடுவதற்காகக் கறுப்பைத் தேய்த்தேன். கத்தி என்று நினைத்தது, மூலை சரிபார்க்கிற மூலமட்டமும் வட்டம் போடுகிற கவராயமும். இரண்டும் என் தலைக்கு மேலே ஆணியில் தொங்குகின்றன. தினமும் பிடிக்கிற சாமான்.

மகள் போனில் தேடினாள். "வெள்ளைக்காரங்க வச்சிருந்த சங்கத்துப் பதக்கம்ப்பா. மூலமட்டம்னா நேர்மையா இருக்கணும். கவராயம்னா எல்லை தாண்டக் கூடாது. கண்ணுன்னா கடவுள் பாக்குறாரு. சாவி, அந்தச் சங்கத்துப் பொருளாளருக்கு அடையாளம்."

"போன்ல எவன் வேணாலும் எழுதுவான்."

"குறிகாரன் மட்டும் எங்க போய்ப் படிச்சான்?"

பழைய வெள்ளைக்கார எஸ்டேட் பங்களா ஏலத்தில் எடுத்த மேசை என்று சித்தப்பா கொடுத்த அன்றே சொல்லியிருந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மகளுக்குக் கல்யாணம் முடிவானதும் தாம்பூலத் தட்டோடு அவர் வீட்டுக்குப் போனேன். பதக்கத்தைக் காட்டி ஒவ்வொரு குறியாக விளக்கினேன்.

"இம்புட்டும் விசாரிச்சிருக்க. என்னைய ஒரு வார்த்தை கேட்டியா அப்பு?" என்றார். பத்திரிகையை வாங்கிக்கொண்டார்.

கல்யாணத்துக்கு வந்தார். மகளுக்குத் திருநீறு பூசினார். பந்திக்குக் கூப்பிட்டேன்.

"பக்கத்து எலையில எதையோ போட்டுட்டேன்னு நாளைக்குச் சொல்லுவ. நான் வாரேன்."

கையைக்கூட நனைக்காமல் படியிறங்கினார். எங்கள் பக்கத்தில் உறவு அறுந்தது என்பதை வாயால் சொல்ல மாட்டார்கள். இப்படித்தான் சொல்வார்கள்.