நின்றால் தின்னாத கார்

கிள்ளானில் சின்னையா கார் வாங்கிவிட்டார் என்ற செய்தியை முதலில் யாரும் நம்பவில்லை. மனிதர் வாழ்நாளெல்லாம் மாட்டு வண்டிக்காரர். தோட்டங்களிலிருந்து துறைமுகத்துக்கு ரப்பர் ஏற்றிப் பிழைத்தவர். லோரிகள் வந்து அந்தப் பிழைப்பைக் கொண்டுபோனதும் மாடுகளை விற்றுவிட்டார். அந்தச் சமயம் பார்த்து ரப்பர் விலை விழுந்தது. டெங்கில் பக்கம் ஒரு தோட்டத்துத் துரை சீமைக்கு மூட்டை கட்டினார். அவர் விட்டுப்போன காரைச் சின்னையா பாதி விலைக்கு வாங்கினார்.

சாதாரணக் கார் இல்லை அது. எட்டு சிலிண்டர். ஏழு பேர் தாராளமாக உட்காரலாம். தோல் மெத்தை, ஜன்னலுக்குப் பட்டுத் திரை. ஒரு காலன் பெட்ரோலுக்குப் பத்து மைல் ஓடினால் பெரிய விஷயம். யானையைக் கட்டித் தீனி போட முடியுமா என்று ஊரே கேட்டது. அவர் மனைவி பவுனம்மாளும் கேட்டார். சின்னையா பதிலைத் தயாராக வைத்திருந்தார்.

"மாடு நின்னாலும் தின்னும். வேலை இல்லாத நாளுக்கும் புண்ணாக்கு வைக்கணும். காரு அப்படியா? ஓடினாத்தான் தின்னும். நின்னா பச்சத்தண்ணி கேக்காது."

இதில் என்ன தப்பு என்று நானும் யோசித்துப் பார்த்தேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

காரோடு சேர்ந்து வந்தவர்தான் வேலாயுதம். நான் சொல்ல வந்தது அவரைப் பற்றித்தான். அந்தத் துரையின் தோட்டத்துக் கூலி லயத்திலேயே பிறந்தவர். துரையின் காரைக் கழுவப் போய், கழுவிக் கழுவியே அதை ஓட்டக் கற்றுக்கொண்டவர். மெலிந்த உடம்பு, அதிகம் பேசமாட்டார். இறக்கத்தில் காரை எப்படி விட்டால் பெட்ரோல் மிச்சம், எந்த மேட்டில் எப்போது கியர் மாற்றினால் இன்ஜின் முனகாது என்பதெல்லாம் அவருக்குக் கைப்பழக்கம். துரை போனபோது காருக்கு இன்ன விலை என்று சொன்னாரே தவிர, வேலாயுதத்துக்கு ஒரு வழி சொல்லவில்லை. சின்னையாதான் அவரையும் அழைத்துக்கொண்டார்.

அவ்வளவு பெரிய காரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டார் சின்னையா. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு அதைவிட எடுப்பான கார் கோலாலம்பூர் வரைக்கும் கிடையாது. வாடகையும் பெட்ரோலும் மைல் கணக்கு. அங்கேதான் வந்தது வம்பு.

சின்னையா ஒரு பிரம்பை வெட்டி, அதில் கத்தியால் கோடுகள் கீறி வைத்திருந்தார். கார் போகும்போதும் வரும்போதும் அதைப் பெட்ரோல் டாங்கிக்குள் விட்டு, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்ப்பார். தோட்டங்களுக்குப் போய் வந்தால் கணக்குச் சரியாக இருக்கும். கல்யாணத்துக்குப் போய் வந்தால் மட்டும் பெட்ரோல் குறையும்.

"ஊர்வலம் ஒரு மைல் கூட இல்ல. அதுக்கு இவ்வளவா?"

"மூலைக்கு மூலை நிக்குது மொதலாளி. நின்னாலும் இன்ஜின் ஓடிட்டுத்தானே இருக்கு?"

"நிக்கிற காரு எப்படிப்பா தின்னும்?"

நிற்கும்போது இன்ஜினை அணைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். முடியாது. மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்த பிறகு இன்ஜினை அணைப்பது அபசகுனம் என்று நம் ஜனங்கள் எப்படியோ ஒரு சாஸ்திரம் உண்டாக்கியிருந்தார்கள். மோட்டார் கார் வந்து எத்தனை வருஷம் ஆகிறது, அதற்குள் அதற்கும் ஒரு சகுனம். நாதஸ்வரக்காரர் ஒரு மூலையில் நின்று ராகம் பிடித்தால் லேசில் விடமாட்டார். அதுவரை எட்டு சிலிண்டரும் உறுமிக்கொண்டே நிற்க வேண்டும்.

மூன்றாவது கல்யாணம் முடிந்து வந்தபோது சின்னையா பிரம்பைப் பார்த்தார். பிறகு வேலாயுதத்தின் முகத்தைப் பார்த்தார். அவர் சொல்லாததைக் கிள்ளான் பாசார்ச் சந்தையில் யாரோ சொல்லிவிட்டார்கள், சின்னையாவின் டிரைவர் பெட்ரோலை விற்றுத் தின்கிறான் என்று.

அந்த வருஷம் அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று இன்றைக்குச் சொன்னால் புரியாது. வேலையில்லாதவர்களைக் கூட்டம் கூட்டமாகச் சொந்த நாட்டுக்குக் கப்பலேற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். திருட்டுப் பட்டம் விழுந்த டிரைவரை வேறு எந்த முதலாளி சேர்ப்பான்? "நம்மளையும் கப்பல் ஏத்திடுவாங்களா?" என்று வேலாயுதத்தின் மனைவி இராஜம்மா தினமும் கேட்டாராம். எந்த ஊருக்கு ஏற்றுவார்கள் என்பது வேலாயுதத்துக்கே தெரியாது. அவர் அந்தப் பக்கக் கரையைக் கண்ணால் பார்த்ததில்லை.

அடுத்த கல்யாணத்துக்குக் கூடவே போய்க் கையும் களவுமாகப் பிடிப்பது என்று சின்னையா முடிவு செய்தார். அந்தக் கல்யாணத்தின் மாப்பிள்ளை நான்தான்.

கிள்ளானிலிருந்து பெண் வீடு இருந்த பிரிக்பீல்ட்ஸ் போக இரண்டு காலன், ஊர்வலத்துக்கு அரைக் காலன் என்று சின்னையாவே அளந்து ஊற்றினார். திரும்பி வருவதற்கு வாடகை கைக்கு வந்ததும் ஊற்றிக்கொள்ளலாமாம். பத்தாது என்று வேலாயுதம் ஒரு தரம்தான் சொன்னார். சிநேகிதன் ஒருவன் ஒரு டின் கடன் தருகிறேன் என்றதற்கும் வேண்டாம் என்றுவிட்டார். "காருல டின்னு இருந்தா, வித்த பெட்ரோலு அதுதான்னு சொல்வாங்க."

பிள்ளையார் கோவிலிலிருந்து பெண் வீட்டுக்கு ஊர்வலம் கிளம்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. நான் மாலையும் கழுத்துமாகப் பின்சீட்டில். முன்னால் வேலாயுதம், பக்கத்தில் பிரம்போடு சின்னையா. கார் எங்கே நின்றாலும் சின்னையா இறங்கி ஓடுவார். டாங்கி மூடியைத் திறந்து பிரம்பை விட்டுப் பார்ப்பார். கேஸ் லைட் தூக்கி வந்தவன் அவருக்கு வெளிச்சம் காட்ட நெருங்கினான். "லைட்டத் தள்ளி வைப்பா, ஊரே எரிஞ்சிடும்" என்று வேலாயுதம் சத்தம் போட்டார். இது கிள்ளான் சம்பிரதாயமா என்று பெண் வீட்டார் ஒருவர் மரியாதையாக விசாரித்தார். எனக்கு மானம் போனது.

இரண்டாவது மூலையில் நாதஸ்வரக்காரர் நன்றாகப் பிடித்துக்கொண்டார். கார் ஒரு அடி நகரவில்லை. சின்னையா பிரம்பை விட்டார், பார்த்தார். வேட்டியில் துடைத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடியும் விட்டார். நனைந்த இடம் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. அவர் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார், கார் தனக்குத் தெரியாமல் எங்காவது போய் வந்துவிட்டதா என்பது போல. பிறகு வந்து உட்கார்ந்தார்.

எனக்கு ஆவல் தாங்கவில்லை. "நிக்கும்போது எதுக்கு அண்ணே குடிக்குது?" என்று கேட்டேன்.

"சக்கரம்தான் தம்பி நிக்குது. உள்ள ஓடிட்டுத்தான் இருக்கு," என்றார் வேலாயுதம். சின்னையா அதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

பெண் வீட்டுக்கு முந்தின மேட்டில் இன்ஜின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. நாதஸ்வரமும் நின்றது. நல்ல நேரம் முடிய அதிக நேரமில்லை. பெட்ரோல் கடையும் சாத்தியாகிவிட்டது. பாதி வழியில் மாப்பிள்ளை இறங்கி நடக்கக் கூடாது என்று என் அப்பா குதித்தார். பாசார்ப் பேச்சு அவர் காதிலும் விழுந்திருந்தது போலிருக்கிறது.

"பெட்ரோலை எங்கப்பா வித்த? என் பிள்ளை கல்யாணம்தானா உனக்குக் கெடச்சுது?"

வேலாயுதம் நின்றுபோன காரின் ஸ்டீரிங்கை விடாமல் பிடித்திருந்தார்.

சின்னையா இறங்கினார்.

"அவனைக் கேக்காதீங்க. அளந்து ஊத்தினவன் நான். பத்தாதுன்னு அவன் சொன்னான், நான் கேக்கல. போன தடவையும் கேக்கல, அதுக்கு முந்தியும் கேக்கல. நின்னாலும் தின்னுதுங்க. இப்பத்தான் என் கண்ணால பாத்தேன்."

அத்தனை பேர் நடுவில், நாதஸ்வரம் கூட இல்லாத அமைதியில், ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது.

சூளைச் செங்கலை இறக்கிவிட்டு அய்யாவு என்பவர் அந்த வழியாக வெறும் மாட்டு வண்டியில் வந்தார். சின்னையா அவரிடம் இரண்டு வார்த்தைதான் பேசினார். வண்டிக்காரர்களுக்குள் அவ்வளவு போதும். நுகத்தடியோடு மாடுகளை அவிழ்த்து வடத்தால் காரில் கட்டினார்கள். அவசரத்தில் அய்யாவுவின் தார்க்குச்சி கைக்கு அகப்படவில்லை. சின்னையா கையிலிருந்த பிரம்பையே ஓங்கி, நாக்கைச் சொடுக்கினார். கார் நகர்ந்தது. எட்டு சிலிண்டரும் ஊமையாக இருக்க, நாதஸ்வரம் அன்றைக்குத்தான் என் காதில் முழுசாக விழுந்தது. வேலாயுதம் ஒரு கையால் ஸ்டீரிங்கைத் திருப்பிக்கொண்டே மறு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்ல நேரத்துக்குள் பெண் வீடு போய்ச் சேர்ந்தோம். இந்த வேடிக்கையை ஜன்னல் வழியாகப் பார்த்த மணப்பெண் தனலெட்சுமி இன்று வரை என்னை மாடு இழுத்து வந்த மாப்பிள்ளை என்றுதான் சொல்கிறாள்.

மறுநாள் கிள்ளானில் காரைக் கழுவி நிறுத்திவிட்டு வேலாயுதம் டாங்கி மூடியைத் திறந்து வைத்தாராம், வழக்கம் போல. சின்னையா வெறுங்கையோடு நின்றாராம்.

"அளக்கலையா மொதலாளி?"

"பிரம்பு அய்யாவுகிட்டயே போயிடுச்சு."

"வேற ஒண்ணு வெட்டித் தரவா?"

"வேணாம்லா. எவ்வளவு இருக்குன்னு நீ சொல்லு, போதும்."