சம்மனசு கையில் வேப்பம்பூ

இயேசு பிறப்பார் என்று மாதாவுக்கு மங்கள வார்த்தை சொல்ல வந்த வானதூதரான கபிரியேல் சம்மனசின் கையில் வழக்கமாக ஒரு வெள்ளை லில்லி இருக்கும். மேல்நாட்டு ஓவியர்களுக்கு அது இளவேனிலின் பூ, தூய்மையின் அடையாளம். கீழவைப்பார் மாதா கோயில் சுவரில் மட்டும் அவர் ஒரு கொத்து வேப்பம்பூவோடு நிற்கிறார். அந்த வினையை விதைத்தவன் நான்தான்.

வரைந்தவர் அப்போது எங்கள் பள்ளியில் இருந்த டிராயிங் சார். தாமிரபரணிக் கரையில் நெல் விளைவிக்கும் குடும்பத்துக்காரர். பங்குனித் திருநாளுக்குள் முடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டவர், மாதிரிக்குக் கொடுத்த காலண்டரில் இருந்த லில்லியை உற்று உற்றுப் பார்த்துவிட்டு, "கண்ணால காணாத பூவ எப்படி வரையதுக்கு?" என்று என்னிடம் வந்து நின்றார். தமிழ் வாத்தியாரிடம் பூவைப் பற்றிக் கேட்டால் சும்மா விடுவானா? நம் இலக்கியத்தில் பூ என்பது காலத்தையும் மனத்தையும் சேர்த்துச் சொல்வது என்று அரைமணி நேரம் அளந்தேன். பங்குனியில் இங்கே பூப்பது வேம்பு. பூவில் தேன், இலையில் கசப்பு. மகனைப் பெறுவாய், பின்னால் இழப்பாய் என்று மாதாவுக்கு வந்த செய்தியும் அப்படித்தானே என்று முடித்தேன். மனுஷன் அப்படியே வரைந்துவிட்டார்.

கோயில் காரியங்களைக் கவனிக்கும் உபதேசியார் படத்தைப் பார்த்ததும் முகம் சுளித்தார். வேப்பங்கொத்து மாரியம்மனுக்கு உள்ளது, ஊர் சிரிக்கும், திருநாளுக்கு முன் அழித்தாக வேண்டும் என்றார். பங்குச் சாமியாரும் முடிவை அவரிடமே விட்டுவிட்டார். டிராயிங் சார் அன்று மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. எனக்கு என் நாக்கின் மேலேயே வெறுப்பாக வந்தது.

அழிக்கச் சம்மதம் என்று சொல்ல இருவருமாக உபதேசியார் வீட்டுக்குப் போனோம். நிலைப்படியில் பூவும் குழையுமாக வேப்பங்கொத்து செருகியிருந்தது. மகளுக்கு அம்மை போட்டிருந்தது. எங்களை உள்ளே கூப்பிட முடியாமல் அவர் வாசலில் வந்து நின்றார். நாங்கள் எதைப் பார்க்கிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு வாய் துறுதுறுத்தது. டிராயிங் சார் என் கையைப் பிடித்து அழுத்தினார். பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்றா என்று மட்டும் அவரிடம் கேட்டார். இன்னும் இல்லை, காய்ச்சலே விடவில்லை என்றார் உபதேசியார்.

"நல்லபடியா இறங்கட்டும். சுவர நாளைக்கே சரிபண்ணித் தாரேன்" என்று சார் திரும்பினார்.

நாலடி நடந்திருப்போம். பின்னாலிருந்து உபதேசியாரின் குரல் வந்தது.

"சார்வாள், அழிக்காண்டாம். எம்புள்ளைக்காவ மாதாகிட்டதான் போயி நிக்கேன். அந்தக் கொத்து எங்கண்ணு முன்னால இருக்கட்டும்."

மறுநாள் விடிந்ததும் டிராயிங் சார் தூரிகையோடு கோயிலுக்குப் போய்விட்டார். சம்மனசு கையில் இன்னும் நாலு பூ கூடியிருந்தது.