என் கண்ணுக்கு எட்டாத தையல்

என் வயிற்றில் போட்ட தையலை என்னால் பார்க்க முடியவில்லை. குழந்தை வெளியே வந்த பிறகும் வயிறு உள்ளே போகமாட்டேன் என்று அடம்பிடித்துத் தொங்கியது. தையல் அதற்கு அடியில் இருந்தது. குனிந்தால் சுரீரென்று இழுத்தது. ஜாதவ்பூரில் எங்கள் வாடகை வீட்டுக் குளியலறையில் விளக்கும் மங்கல். ஏதோ ஒரு வாடை வருகிறது என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

முதலில் பால் புளித்த வாடை என்று நினைத்தேன். பிறகு குழந்தையின் துணிகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தேன். கடைசியில் சந்தேகம் என்மேலேயே வந்து நின்றது. போனை எடுத்து, தையல் பிரிந்தால் என்ன ஆகும் என்று தேடினேன். தேடியிருக்கக் கூடாது. அந்தப் படங்களைப் பார்த்த பிறகு தும்மல் வந்தால்கூட வயிற்றில் தலையணையை அழுத்திக்கொண்டுதான் தும்மினேன். மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டால்? பச்சைக் குழந்தையை வார்டுக்குள் விடமாட்டார்கள். அவன் அப்போதுதான் ஒழுங்காகப் பால் குடிக்கப் பழகியிருந்தான். நான் திரும்பி வருவதற்குள் புட்டிக்குப் பழகி என்னை மறந்துவிடுவான் என்று திடமாக நம்பினேன்.

பிரசவத்துக்காக அம்மா திருநெல்வேலியிலிருந்து சுக்கும் பூண்டும் பழைய நூல் சேலைகளுமாக ஹவுரா ஸ்டேஷனில் வந்து இறங்கியிருந்தாள். சேலைகள் என் வயிற்றைக் கட்டுவதற்கு. வெந்நீர் ஊற்றிய கையோடு, உடம்பில் ஈரம் உலருமுன்னே, சேலையை மடித்து இறுக்கிச் சுற்றுவாள். சுற்றும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள்.

“கொஞ்சம் பாரும்மா, ஏதோ வாடை வருது.”

“பிள்ள பெத்த உடம்புன்னா வாடை வரத்தான் செய்யும். கட்டலன்னா வயித்துல காத்து ஏறிக்கிடும். பேசாம நில்லுட்டி.”

நவராத்திரிப் பூஜைக்கு முந்தைய புழுக்கம். தெருவில் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டிலோ ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, என்னை அவித்துக்கொண்டிருந்தார்கள்.

கணவரிடம் போனைக் கொடுத்து ஒரு படம் எடுக்கச் சொன்னேன். ஊசியைப் பார்த்தாலே தலை சுற்றும் மனிதர். கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு” என்றார். படத்தில் என் முழங்கால் இருந்தது.

கீழ்வீட்டு வங்காளிப் பெரியம்மா, மாஷிமா என்று கூப்பிடுவோம், வந்தார். “நார்மாலா, சிஸாரா?” என்று கேட்டார். சிசேரியனுக்கு அவர்கள் வாயில் அதுதான் பெயர். சிஸார் என்றதும் “ஆஹாரே” என்று உச்சுக்கொட்டிவிட்டு, குழந்தையின் மூக்கு யாருடையது என்ற ஆராய்ச்சியில் இறங்கிவிட்டார். வந்தவர்கள் எல்லோருக்கும் அந்த மூக்குதான் கவலை. அறுபட்டவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஒருநாள் காலை கட்டை அவிழ்த்தபோது சேலையில் மஞ்சளாகக் கறை இருந்தது. குளியலறை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

“நீ பாக்காம இனிமே கட்டவிட மாட்டேன்” என்று கத்தினேன்.

அம்மா கையிலிருந்த சேலையை வாளியில் போட்டாள். “எனக்குப் பயமா இருக்குட்டி. உன்னையக் கிழிச்சுத் தச்சிருக்காங்கன்னு நெனச்சாலே ஈரக்கொல நடுங்குது. அதான் பாக்கல.”

பிறகு ஈரத் தரையில் மண்டியிட்டு, என் வயிற்றை ஒரு கையால் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அவள் முகத்திலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

டாக்டரிடம் ஓடினோம். தையலின் ஒரு ஓரம் பிரிந்து சீழ் வைத்திருந்தது. ஈரத்தோடு இறுக்கிக் கட்டினால் வேறென்ன ஆகும் என்று டாக்டர் ஹிந்தியில் திட்டினார். அம்மாவுக்கு ஹிந்தி தெரியாது. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டாள். மாத்திரை, தினமும் வீட்டிலேயே கட்டு மாற்றுவது, நன்றாகக் காற்றுப் படவிடுவது. அப்படியும் ஆறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும். கடைசி வாக்கியம் மட்டும்தான் என் காதில் நின்றது. வழியெல்லாம் டாக்ஸியில் குழந்தையை இறுக்கிப் பிடித்தபடி வந்தேன்.

மறுநாளிலிருந்து அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு, கையை சோப்புப் போட்டுக் கழுவி, ஃபேனையும் அவளே போட்டுவிட்டுக் கட்டு மாற்ற உட்கார்ந்தாள். இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை. நான் ஒவ்வொரு நாளும் “என்ன ஆச்சு? சேர்க்கணுமா?” என்று பிடுங்கி எடுத்தேன். “கொஞ்சம் பொறுட்டி” என்பதற்கு மேல் பதில் வராது.

ஒரு காலை, வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “சீழு நின்னுட்டு. சதை சேருது” என்றாள். அந்த நேரம் பார்த்து அடுத்த அறையில் குழந்தை வீறிட்டான். நான் கைகளை ஊன்றி எழப்போனேன். அம்மா என் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

“உன் பிள்ள செத்த நேரம் அழட்டும். நான் மொதல்ல என் பிள்ளையப் பாத்துக்கிடுதேன்.”

நான் படுத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் தடவையாக வாய்விட்டு அழுதேன். அம்மா என்னை அழாதே என்று சொல்லவில்லை.