துண்டு சுற்றிய கை

துபாயில் இருக்கிற என் மகன் லீவு போட்டு, ஓமன் கடலில் மூன்று நாள் மரப்படகிலேயே தங்க எங்களைக் கூட்டிப்போனான். மலைகளுக்கு நடுவே வாய்க்கால் மாதிரி கடல் நுழைகிற இடம் அது. படகு ஓட்டியவர் நம்ம தூத்துக்குடிக்காரர். நரைத்த தாடி, வெயில் தின்ற முகம். இடக்கையை எந்நேரமும் துண்டால் சுற்றியே வைத்திருப்பார். என்ன பவுசோ என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி நாள் துறைக்குத் திரும்பும்போது காற்று படகைத் துறையின் கல்சுவர்ப்பக்கம் தள்ளியது. எங்கள் ஊர் ஆத்துத் தோணியில் செய்வதுபோல, சுவரைத் தள்ளிவிட நான் கையை நீட்டினேன்.

"ஏ கெழவி, கைய உள்ள இழு!" என்று படகுக்காரர் கத்தினார்.

என்னை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. ஆனாலும் கை தானாக உள்ளே வந்துவிட்டது.

"யாரப் பாத்து என்ன பேசுற?" என்று மகன் எழுந்தான். அதற்குள் படகு சுவரில் மோதியது. என் கை இருந்த இடத்தில் கட்டியிருந்த டயர் நசுங்கிப்போனது.

அவர் துண்டை அவிழ்த்து என்னிடம் காட்டினார். இரண்டு விரல்தான் மிச்சம்.

"நானும் இப்படித்தான் ஆச்சி தள்ளுனேன்."

இறங்கும்போது வலக்கையில் கயிறு இருந்ததால் அந்த இடக்கையைத்தான் நீட்டினார். யார் கையையும் பிடித்து இறங்குகிறவள் இல்லை நான். அன்றைக்குப் பிடித்தேன். இரண்டு விரல்தான், பிடி கெட்டி. கெழவி என்றதை மட்டும் நான் இன்னும் மறக்கவில்லை.